'ஒருவர்' இருக்க 'ஒருவன்' எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், "ஒருவன் நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தால் அவனுக்கு நல்ல உறக்கம் வரும்" என்று படித்தேன். சேமிப்பு பற்றிய கட்டுரையும் "ஒருவன் தன் மனைவி மக்களுக்காக" என்றே தொடங்குகிறது. சீட்டுக் கட்டியும் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்தும் குடும்பத்தைக் கரையேற்றிய பெண்கள் இந்த 'ஒருவனி'ல் எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையாளர்கள் வேண்டுமென்றே பெண்களை விட்டுவிடவில்லை என்பது தெரியும். ஆனாலும் படிக்கும்போது மனம் சுருங்குகிறது.

இதற்குப் புதிய சொல் எதையும் ஆக்க வேண்டியதில்லை. "ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே தெரியுங் காலை" என்கிறது தொல்காப்பியப் பெயரியல். அது ஒருமையைக் குறித்தாலும் பன்மை வினை கொள்ளும் என்பதை நன்னூலும் சொல்கிறது. 'ஒருவர் வந்தார்' என்று எழுதிவிட்டால், வந்தது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே இடமில்லை. 'அவன்/அவள்' என்று சாய்கோடு போட்டுத் திண்டாடவும் வேண்டாம்.

'அவர்' மரியாதைச் சொல் ஆயிற்றே, எல்லாருக்கும் போட முடியுமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். மருத்துவரை 'அவர்' என்றும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரை 'அவள்' என்றும் எழுதுவதை இனியாவது விட்டுவிடலாமே.

ஓட்டுநர், மருத்துவர், எழுத்தாளர் ஆகியவையும் இருபாலுக்கும் உரிய சொற்களே. 1993-இல் வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தை ஓட்ட வந்தபோது 'முதல் பெண் ஓட்டுநர்' என்பது செய்தி. விபத்தில் சிக்கியவருக்கு அறுவை சிகிச்சை செய்தவரை இன்றும் 'பெண் மருத்துவர்' என்று எழுதுவதில் என்ன செய்தி இருக்கிறது?

தொல்காப்பியர் சொன்னது இரு பாலுக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஒருவரையும் 'ஒருவர்' என்ற சொல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. 'ஒருவன்', 'ஒருத்தி' இரண்டாலும் அது முடியாது.

சிறுகதைகளில் பாத்திரங்கள் பேசுவதைத் திருத்தச் சொல்லவில்லை. அது அவரவர் வாய்மொழி. கட்டுரை, அறிவுரை, கேள்வி பதில் என்று எல்லாரையும் நோக்கி எழுதும் இடங்களில் 'ஒருவன்' வந்தால் 'ஒருவர்' என்றும், 'மனிதன்' வந்தால் 'மனிதர்' என்றும் மாற்றும்படி, பிழை திருத்துவோருக்குச் சொல்லிவையுங்கள். பின்னால் வரும் 'அவன்', 'அவனுக்கு' போன்ற சொற்களையும் வினைமுற்றையும் கூடவே மாற்ற வேண்டும். 'ஒருவர் நடந்தால் அவனுக்கு' என்று பாதியில் நின்றுவிடக் கூடாது.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.