ஆறு மாதமாகியும் விரல் விரியாவிட்டால்

ஆசிரியருக்கு,

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ‘விலகாத அனிச்சைச் செயல்’ (கைக்குழந்தைப் பருவத்திலேயே மறைய வேண்டிய தன்னிச்சையான அசைவு) இருப்பதாகச் சொல்லி மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். 2000இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 8 முதல் 11 வயது வரையிலான 60 பிள்ளைகளில் இத்தகைய பயிற்சி பெற்றவர்களிடம் வாசிப்பு மேம்பட்டதாகக் காட்டியது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய ஆய்வை நம்பி, கண், காது பரிசோதனையையும் எழுத்தொலிப் பயிற்சியையும் தள்ளிப்போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் இந்த அனிச்சைகளின் சுவடு கொஞ்சம் தென்படும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது முதல் வருடத்தைத்தான். கொடுத்த விரலைப் பச்சைக் குழந்தை இறுகப் பற்றுவதும், தலை சற்றே பின்னால் சரிந்தால் கைகளை விரித்து உதறுவதும் தண்டுவடமும் மூளைத்தண்டும் செய்யும் வேலை. பெருமூளை முதிர முதிர அவை அடங்கும். இரண்டுமே 4 முதல் 6 மாதத்துக்குள் மறைய வேண்டும். உதறலில் ஒரு கை மட்டும் அசையாமல் கிடந்தால் பிரசவத்தின்போது காறை எலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்கலாம்.

இன்னொன்று கழுத்து அனிச்சை. மல்லாந்திருக்கும் குழந்தை வலப்பக்கம் முகம் திருப்பினால் வலக்கை நீளும், இடக்கை மடங்கும். வில்லை நாணேற்றி இழுத்தாற்போல் இருக்கும். 6 மாதத்துக்கு மேலும் இது அப்படியே இருந்தால், கிலுகிலுப்பையைப் பார்க்கத் திரும்பியதுமே கை விறைத்து நீண்டுவிடும். கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. குப்புறப் புரள்வதும் தடைபடும். அந்த நிலையிலிருந்து குழந்தையால் தானாக மீள முடியவில்லையென்றால் எந்த மாதமானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளை பாதிப்பால் உடல் அசைவு குன்றும் மூளை முடக்குவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

குறைமாதக் குழந்தைக்குக் கணக்கு வேறு: 8 வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால், 6 மாதக் குழந்தையை 4 மாதமாகவே கொள்ள வேண்டும்.

தலையைச் சரியவிட்டுப் பெற்றோரே சோதித்துப் பார்க்க வேண்டாம். விளையாடும்போது ஒரு நிமிடம் மொபைலில் வீடியோ எடுத்து வைத்தாலே போதும். மருத்துவர் முன்னால் வீறிட்டு அழும் குழந்தையிடம் தெரியாதது அதில் தெரியும்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்