‘நாடோடிகள்’ என்று எழுதும் முன்

நாஜி கால வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் வணக்கம்.

அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘நாடோடிகளும்’ என்று ஓர் ‘உம்’ போட்டுக் கடந்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். ஐரோப்பாவில் ‘ஜிப்சிகள்’ என்று மற்றவர்கள் அழைத்த அந்த மக்களுக்குப் பெயர் உண்டு: சின்டி, ரோமா. (‘சிந்தி’ என்று எழுதினால் நம்மூரில் வேறு ஆள் ஆகிவிடுவார்கள்.)

யோஹான் ட்ரொல்மானை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனோவரில் வளர்ந்த சின்டி குத்துச்சண்டை வீரர். 1933 ஜூனில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் ஜெர்மன் சாம்பியன் ஆனார். சில நாளிலேயே பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். கால் மாற்றி மாற்றி ஆடும் அவருடைய ஆட்டம் ‘ஜெர்மன் ஆட்டம்’ இல்லையாம். ஜூலைப் பந்தயத்துக்குத் தலைமுடியைப் பொன்னிறமாக்கி, உடம்பில் மாவைப் பூசிக்கொண்டு மேடையேறினார். நீங்கள் கேட்ட ஆரியன் இதோ என்பதுபோல நகராமல் நின்று அடி வாங்கி, ஐந்தாவது சுற்றில் சாய்ந்தார். அப்புறம் கருத்தடை, ராணுவச் சேவை, வதைமுகாம். 1944இல் கொன்றுவிட்டார்கள்.

இவர் எங்கே நாடோடி? இவருடைய மக்கள் 1400களிலிருந்தே ஜெர்மனியில் இருப்பவர்கள்.

சரி, ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். போருக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 1940 மே மாதம் நாஜிகள் சின்டி, ரோமா மக்களில் சுமார் 2,500 பேரைப் பிடித்துப் போலந்துக்கு அனுப்பினார்கள்; அதற்கு இழப்பீடு கேட்ட வழக்கில் 1956இல் மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் கைவிரித்தது. அது இனவெறி இல்லையாம், குற்றத் தடுப்பு நடவடிக்கையாம். திருட்டும் மோசடியும் இவர்கள் சுபாவமாம். நாஜிகள் போய்ப் பதினொரு வருடம் கழித்து எழுதிய தீர்ப்பு இது! அதே நீதிமன்றம் ஓரளவு பின்வாங்கவே 1963 ஆயிற்று. ஜெர்மனியின் பவாரியா மாநிலத்தில் 1953இல் ‘ஊர் சுற்றுபவர்கள்’ என்று பெயரை மட்டும் மாற்றி ஒரு சட்டம் போட்டு, 1970 வரை கண்காணித்தார்கள். 1980இல் முகாமிலிருந்து பிழைத்தவர்களும் சேர்ந்து டாக்காவ் முகாம் நினைவிடத்திலேயே, நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டு உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. இனத்தின் பெயரால் நடந்த படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 1982இல்.

‘நாடோடி’ என்ற சொல், வீடு வாசலோடு இருந்தவர்களை வழிப்போக்கர்கள் ஆக்கிவிடுகிறது. உங்கள் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டுச் ‘சின்டி, ரோமா’ என்று போடுங்கள். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தால், 1956 தீர்ப்பையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்