பெரிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டாதீர்கள்: அரிசோனா மலைக்குக் கிளம்பும் வேட்டை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

அரிசோனா வேட்டை அனுமதிக் குலுக்கலில் கூஸ் மானுக்கு (சின்ன உடம்புள்ள வெள்ளைவால் மான் வகை) அனுமதி விழுந்த கையோடு 15×56 பைனாகுலரும் (15 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 56 மில்லிமீட்டர்) வாங்கிவிட்டு, "இதற்கு எந்த மார்புப் பை நல்லது?" என்று கேட்கிறீர்கள். எதுவும் வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். மார்பில் 8×32 அல்லது 10×42 இருக்கட்டும். பெரியது முதுகுப்பைக்குள் போகட்டும்.

கூஸ் மானுக்குப் பெரிய பைனாகுலர் தேவையா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆண் மானே 45 கிலோவைத் தாண்டுவது அரிது. சாம்பல் நிற உடம்போடு ஓக் நிழலில் படுத்துவிட்டால், எதிர்ச் சரிவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு காது அசைவதுதான் தெரியும். ஆனால் 15×56 என்பது சுமார் 1.2 கிலோ எடை, 20 சென்டிமீட்டர் நீளம். அதை மார்பில் கட்டினால் இறக்கத்தில் கால் வைக்கும் கல் தெரியாது. சறுக்கி முன்பக்கமாக விழுந்தால் முதல் அடி அதற்குத்தான். கையில் பிடித்தால் நாடித் துடிப்பே காட்சியை ஆட்டிவிடும். ட்ரைபாட் இல்லாமல் பயன்படாத பொருளை நடக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து என்ன பயன்?

பையில் அதன் இடம் மேல்பாதி, தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி. கம்பெனி கொடுக்கும் தடித்த பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். பாதிப் பையை அதுவே அடைத்துக்கொள்ளும். பஞ்சு வைத்த மெல்லிய உறை ஒன்று போதும். அதன் அடியில், பழைய உறங்கும் பாயிலிருந்து வெட்டிய ஒரு சென்டிமீட்டர் ஃபோம் துண்டைப் போடுங்கள். முன் லென்ஸ் கீழே, கண் பக்கம் மேலே இருக்கும்படி இறக்கி, சுற்றிலும் குளிர் ஜாக்கெட்டைத் திணியுங்கள். பையின் மேல்மூடி அறையில் வைக்காதீர்கள். களைப்பில் பையைக் கவிழ்த்துப் போடும்போது பாறையில் மோதுவது அந்தப் பக்கம்தான். வெளிப்பக்க வலைப்பையும் கூடாது. கேட்க்ளா என்ற புதரின் கொக்கி முள் வலையைக் கிழித்துவிடும், நீளமுள் கற்றாழை துளைத்தே போய்விடும். தண்ணீர்ப் பை பக்கத்திலும் வேண்டாம்.

இதெல்லாம் நடக்கும்போது. ஆனால் நாங்கள் பார்த்தவரை, நடக்கும்போது கெடுவதைவிட நிறுத்தி வைத்த இடத்தில் விழுந்து கெடுவதுதான் அதிகம்.

பைனாகுலரின் நடுத்தண்டின் முன்னால் இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்துவிட்டு, ட்ரைபாடில் மாட்ட உதவும் திருகு முளையான ஸ்டட்டைப் பொருத்த வேண்டும். மூடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், காட்டில் கட்டாயம் தொலையும். ஸ்டட்டை விரலால் இறுக்கினால் போதும். பிளையர் போட்டால் மரை போய்விடும், அப்புறம் பைனாகுலரையே சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி இருப்பதால் அது தானாகவே தளரும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பைனாகுலரைப் பிடித்து இடம்வலமாக லேசாகத் திருப்பிப் பாருங்கள்; ஆடினால் இறுக்குங்கள். ட்ரைபாட் தலையில் மாட்டியதும் பூட்டு விழுந்த சத்தத்தை மட்டும் நம்பிக் கையை எடுக்காதீர்கள். ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்த்த பிறகு விடுங்கள்.

சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒரு கால் உங்கள் முழங்கால்களுக்கு நடுவே. ட்ரைபாடின் நடுக்கம்பத்தை உயர்த்த வேண்டாம். காற்றில் ஆடாமலிருக்க ட்ரைபாடில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும், ஊசலாடும் பை காற்றைவிட மோசம். துப்பாக்கியை ட்ரைபாட் கால்களுக்கு வெளியே, எழும் பக்கத்தில் வையுங்கள். மான் கண்ணில் பட்டதும் துப்பாக்கிக்குத் திரும்புகிறீர்களே, அந்த நொடியில்தான் துப்பாக்கி வார் ட்ரைபாட் காலில் சிக்கி எல்லாம் சாயும். சிறுநீர் கழிக்கப் போனாலும் சரி, எழுந்தால் பைனாகுலரைக் கழற்றி உறைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். மாட்டிய ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடப்பது பார்க்க அழகு. பூட்டு நழுவினால் முதுகுக்குப் பின்னால் விழும்.

விழுந்துவிட்டால் கண்ணாடி உடையவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கலாம். ட்ரைபாடில் மாட்டி, ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் மின்கம்பியையோ கூரை விளிம்பையோ பாருங்கள். கண்ணை லென்ஸிலிருந்து ஒரு சாண் அளவு பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் ஏறி, மற்றதில் இறங்கி இருந்தால் பிசகிவிட்டது. கண் ஒட்டிப் பார்க்கும்போது மூளை அதை இழுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். அதன் விலை அரைமணியில் தலைவலி. நீங்களே திறக்க நினைக்காதீர்கள். உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து முத்திரையிட்டது, திறந்தால் அதுவும் போகும்.

அந்த வாயு உள்ளே ஆவி படியாமல்தான் காக்கும், வெளியே காக்காது. நவம்பர் விடியலில் கண்ணோடு அழுத்தி மூச்சுவிட்டால் கண் லென்ஸ் மங்கும். மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். இரவு குளிர்ந்து கிடந்ததைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவருவதாக இருந்தால், வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வெதுவெதுப்பானதும் திறங்கள்.

புழுதியைச் சட்டையால் துடைப்பவர்களிடம் கோபம்தான் வருகிறது. புழுதியிலுள்ள குவார்ட்ஸ் துகள் லென்ஸின் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் பல்பால் காற்றடித்து, பிறகு மென்மையான பிரஷ், கடைசியாகத் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், லென்ஸில் அல்ல. டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த பூச்சி விரட்டி பட்ட கையால் தொடவே கூடாது. ரப்பர் உறை பிசுபிசுத்துப் போகும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

மான் கிடைத்தால் பையின் கணக்கே மாறும். இறைச்சி பை ஃபிரேமை ஒட்டிப் போக வேண்டும், அதனால் பைனாகுலர் மேலே ஏறும். ரத்தம் கசிந்து எங்கும் வரும். நீர் புகாத டிரை பேக்கில் போட்டு, வாயை மூன்று மடிப்பு மடித்துப் பூட்டி, இறைச்சிக்கு மேலே வையுங்கள், கீழே வேண்டாம்.

விமானத்தில் வருபவர்கள் பைனாகுலரைக் கைப்பையில் எடுத்து வாருங்கள்; ட்ரைபாட் லக்கேஜில் போகலாம். ஹூஸ்டன்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: அரிசோனா வறண்ட ஊர், உங்கள் ஊர் அப்படி இல்லை. திரும்பியதும் ஈர உறையோடு அலமாரியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உறையைத் தனியாகக் காயவிட்டு, பைனாகுலரைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறும்போது மாற்றுங்கள்.

அன்புடன்,
தென் அரிசோனாவில் வேட்டைக்குப் போகும் சில தமிழர்கள்