காலியான மண்மேடு

சாட்ஸ்வர்த், டர்பன்
ஜூன் 2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கே குளிர் வந்துவிட்டது, ராத்திரியில் இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது. மான்செஸ்டர் குளிரோடு பார்த்தால் இதெல்லாம் குளிரே இல்லை என்பாய், தெரியும்.

போனில் பேசினால் நான் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படிப்பாய். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தும் மறக்காது.

போன ஞாயிறு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா, இந்த வருஷம் மான்செஸ்டர் யுனைடெட் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை. எனக்குப் போதும்." கத்தியோ அழுதோ சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நீயோ தண்ணீர் பில்லைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் கோபம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் பதினைந்தாவது இடம். 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி. 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு யுனைடெட்டுக்கு இவ்வளவு மோசமான வருஷம் வந்ததில்லை. இருபது முறை லீக் ஜெயித்த கிளப்! பில்பாவோவில் டாட்டனமிடம் ஒரு கோலில் ஐரோப்பா லீக் கோப்பையை விட்ட அன்று, உன் அம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். அவளுக்கு ஆப்சைட் எது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் உன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தோற்றதால் மட்டும் உனக்கு வெறுத்துப்போகவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது, வாங்கக் கடன் எடுத்த பணத்தில் பெரும்பங்கைக் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் வாங்குகிற டிக்கெட்டிலும் சட்டையிலும் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது. பயிற்சியாளர் ஃபெர்குசன் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. 2013இல் அவர் போனதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. மழை பெய்தால் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் கூரையிலிருந்து அருவி மாதிரி தண்ணீர் கொட்டுகிறது, அதை நானே டிவியில் பார்த்தேன். வேலைக்காரர்களை நூற்றுக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் சீசன் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்டு ஆக்கி, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இருந்த சலுகையையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் காசில் ஆயிரத்தைந்நூறு ராண்டுக்கு மேல், ஒரே ஒரு ஆட்டத்துக்கு. சின்னப் பிள்ளையிடம் அந்தக் காசை வாங்குகிற கை எப்படிப்பட்ட கை என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

சரி. இனி என் கதைக்கு வருகிறேன். உனக்குப் பாதி தெரியும். மீதியை நான் இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

உன் தாத்தா டர்பன் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். மேகஸின் பேரக்ஸில் குடியிருந்தோம், சுற்றிலும் தமிழும் தெலுங்கும்தான். அறுபதுகளில் நிறவெறி அரசாங்கத்தார் எங்களைப் பெயர்த்து இந்தச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். கோயில், கடை, பக்கத்து வீடு எல்லாம் போயிற்று. பந்து மட்டும் கூடவே வந்தது. தாத்தா என்னைப் பஸ்ஸில் ஏற்றி கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த நாளில் வெள்ளைக்காரனுக்கு ஒரு சங்கம், ஆப்பிரிக்கனுக்கு ஒரு சங்கம், இந்தியனுக்கு ஒரு சங்கம். 1969இல் நிறம் பார்க்காத ஃபெடரேஷன் லீக் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் மேனிங் ரேஞ்சர்ஸ் அப்போதே பழைய கிளப், 1928இல் தொடங்கியது. எங்கள் பையன்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நாட்டுக்காக ஆட முடியாது. நிறவெறிக்காக ஃபிஃபா இந்த நாட்டை வெளியே தள்ளி வைத்திருந்தது, அது சரியும்கூட. அதனால் எங்களுக்கு ரேஞ்சர்ஸ்தான் நாடு.

1996இல் எல்லாரையும் சேர்த்துப் புதிய பிரீமியர் லீக் தொடங்கியது. சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்று பெரிய அணிகள் இருக்கிற லீக். சாட்ஸ்வர்த் அணியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கோர்டன் இகசுண்ட் பயிற்சியாளர். அவர் பிறகு பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று அணிகளுக்கு லீக் வாங்கிக் கொடுத்தார், தேசிய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். ஆனால் முதல் பட்டம் நம்முடையது. 1997இல், அந்த லீக்கின் முதல் வருஷத்திலேயே, மேனிங் ரேஞ்சர்ஸ் சாம்பியன்!

உனக்கு எட்டு வயது. சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தின் மண்மேட்டில் என் தோளில் உட்கார்ந்திருந்தாய். அம்மா உருளைக்கிழங்குக் கறியை ரொட்டியில் சுருட்டிக் கொடுத்துவிடுவாள். அதில் பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, உம்லாசி என்கிற ஆப்பிரிக்கர் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவருக்கு நீயே நீட்டினாய். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை உன் மடியில் வைத்தார். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது, நமக்கு ஜூலு அரைகுறை. கோல் விழுந்தபோது அவர் உன்னை என் தோளிலிருந்து வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். மூன்று வருஷத்துக்கு முன்புதான் அவரும் நானும் முதல்முறை ஓட்டுப் போட்டிருந்தோம். அந்த மேட்டில் நான் அனுபவித்ததை வேறு எந்த இடத்திலும் அனுபவிக்கவில்லை, கோயிலிலும்கூட. அடுத்த வருஷம் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக ரேஞ்சர்ஸ் நின்றது. சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அணி!

இனிமேல்தான் நான் சொல்லாத பாதி.

அந்த நேரத்தில்தான் நம் வீட்டில் டிஷ் வைத்தோம். ஃபாக்டரியில் போனஸ் வந்தது, ஆசையாக வாங்கினேன். இங்கே ரேஞ்சர்ஸ் ஆட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு. இங்கிலாந்து ஆட்டம் கோடையில் ஐந்து மணிக்கு. முதலில் இரண்டையும் பார்த்தேன். பிறகு வெயில், பார்க்கிங், கூட்டம் என்று ஒவ்வொரு சாக்காக வந்தது. 1999இல் பார்சிலோனாவில் யுனைடெட் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் போட்டதே, அன்று ராத்திரி நீ சோபாவிலிருந்து குதித்து விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றோடு நீ யுனைடெட்காரி ஆனாய். அப்புறம் நம் நாட்டுப் பையன் குவின்டன் ஃபார்ச்சூன் அங்கே போனதும் கேட்க வேண்டுமா? சனிக்கிழமைகளில் நம் வீட்டில் டிவி அணையவே இல்லை.

எந்தச் சனிக்கிழமை மேட்டுக்குப் போவதை நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. "இனி போகமாட்டேன்" என்று நான் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். எங்கள் தெருவில் பல வீடுகளிலும் அதே கதை. மேடு காலியாக ஆக ஸ்பான்சர் போனார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் போனார்கள். அணி கீழே இறங்கியது. சாம்பியனாகி ஏறக்குறைய பத்து வருஷத்தில் கிளப்பின் லீக் இடத்தையே கேப் டவுனில் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச நாளில் பெயரிலிருந்து மேனிங் போயிற்று, பிறகு ரேஞ்சர்ஸும் போயிற்று. 1928இலிருந்து வந்த பெயர். பேப்பரில் ஒரு சின்னச் செய்தியாக அதைப் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன், மகளே. அந்த ஞாயிறும் யுனைடெட் ஆட்டம் இருந்தது.

இந்த நாட்டில் லீக் இடம் என்பது கடை லைசென்ஸ் மாதிரி ஆகிவிட்டது, காசு இருப்பவன் வாங்கிக்கொள்ளலாம். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் 1921இல் தொடங்கிய கிளப். 2017இல் லீக் ஜெயித்தது, 2020இல் இடத்தை லிம்போபோ மாகாணத்துக்கு விற்றார்கள். புளும்ஃபோன்டைன் செல்டிக் ரசிகர்கள் தொண்ணூறு நிமிஷமும் பாடுவார்கள், அவர்கள் பாட்டைக் கேட்கவே நான் டிவி போடுவேன். 2021இல் அதையும் விற்று நம் மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிய அணியை இந்த ஏப்ரலில் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பாடின ஜனங்கள் அங்கே, வாங்கின இடம் இங்கே செத்துப்போயிற்று. இதைப் பற்றி நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உன் மாமாவையும் பார். சீஃப்ஸ் 2015க்குப் பிறகு பத்து வருஷம் ஒரு கோப்பையும் தொடவில்லை. 2023-24 சீசனில் பத்தாவது இடம். அவரும் கத்துவார், ரேடியோவுக்குப் போன் போட்டுத் திட்டுவார், அடுத்த வாரம் மறுபடி மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மே 10ஆம் தேதி நம் டர்பன் மோசஸ் மபீடா ஸ்டேடியத்தில் பைரேட்ஸை 2-1 என்று ஜெயித்து நெட்பேங்க் கோப்பையை வாங்கினார்களே, மாமா அங்கேதான் இருந்தார். ராத்திரி நம் வீட்டு வாசலில் வந்து நின்று, பேச்சே வராமல் அழுதார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. பத்து வருஷம் தோற்றவர்தான், ஆனால் அவருக்கு அழுவதற்கு ஒரு கிளப் இருக்கிறது.

நீ இருக்கிற இங்கிலாந்திலேயே ஒன்று நடந்திருக்கிறது, அதையும் சொல்கிறேன். லண்டனில் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்ஏ கோப்பை வாங்கிய கிளப் அது. ரசிகர்கள் வீட்டில் உட்காரவில்லை. அதே வருஷம் ஒரு பொது மைதானத்தில் பையன்களைக் கூப்பிட்டு ஆட்டக்காரர் தேர்வு வைத்து, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011இல் ஃபுட்பால் லீக்குக்கே வந்துவிட்டார்கள். 2020இல் பழைய பேட்டையான ப்ளவ் லேனுக்குத் திரும்பினார்கள். போன மாதம் வெம்ப்லியில் ஜெயித்து இன்னும் ஒரு படி ஏறினார்கள். அதை நான் முழுக்கப் பார்த்தேன். எங்களுக்கும் சாட்ஸ்வர்த்தில் மைதானம் இருந்தது, பையன்கள் இருந்தார்கள், நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டிருக்கலாம். என் வீட்டிலேயே போட்டிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அதனால்தான் உன் குரல் என்னைப் பயமுறுத்தியது. அது அன்று பேப்பரைத் திருப்பின என் குரல்.

அந்த முதலாளிகளுக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்க மனசு வரவில்லை என்றால், கொடுக்காதே. அதை நான் மதிக்கிறேன். ஆனால் சனிக்கிழமை வீட்டில் உட்காராதே, கண்ணு. 2005இல் கிளேசர்கள் வந்தபோது உன் ஊர்க்காரர்கள் சிலர் வெளியே வந்து எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தொடங்கினார்களே, அதற்கு மோஸ்டனில் சொந்த மைதானம் இருக்கிறது. உறுப்பினர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒரு தடவை போய்ப் பார். இல்லை, ஓல்ட் டிராஃபோர்டிலேயே இருந்து, முதலாளிகளை எதிர்த்துப் பச்சையும் தங்கமுமாகத் துண்டு கட்டிக்கொண்டு கத்துகிறவர்களோடு நீயும் கத்து. இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்.

நான் மறுபடி போக ஆரம்பித்திருக்கிறேன். ரேஞ்சர்ஸ் இல்லை, நம் பக்கத்து ஊர் லீக் ஆட்டங்கள். மேட்டில் முப்பது பேர் இருந்தால் அதிகம், எல்லாருக்கும் என் வயது. போன வாரம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இடது பக்கத்திலிருந்து மூன்று பேரைத் தாண்டி உள்ளே வந்தான், நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார், முழங்கால் பத்திரம் என்றார்.

டிசம்பரில் வரும்போது ஒரு சனிக்கிழமையை எனக்கென்று ஒதுக்கிவை. அம்மா ரொட்டி சுருட்டித் தருவாள். சீசன் டிக்கெட் விஷயத்தில் என்ன முடிவு செய்தாய் என்று எழுது, போனில் சொல்லாதே. இந்தச் சனிக்கிழமை ஆட்டம் என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா