கரடியின் 25 லட்சம்

அன்புள்ள தாணு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் நலமில்லை என்பது உன் மருமகள் வழியாக வந்து சேர்ந்தது. பதில் போடாததற்காக என் வீட்டுக்காரியிடம் போனில் நீ என்னைத் திட்டியதும் வட்டியோடு வந்து சேர்ந்தது. இனிமேல் என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேராக என்னிடமே திட்டு. அவள் சொல்லும்போது காரம் கூடிவிடுகிறது.

கும்பப்பூ நடவு முடிந்துவிட்டது. மழை பிடித்த பிடியை விடவில்லை. பழையாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

கரடி நம் படிப்பகத்துக்கு 25 லட்சம் தருகிறேன் என்கிறான். அதே கரடிதான்! சந்தா நாலணா கேட்டதற்கு அன்னாசிப்பழத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவன்தான். இப்போது அவனுக்கு மூன்று ஊர்களில் நகைக்கடன் கடை. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டித் தருவானாம். வாசலில் அவன் அப்பா பெயர் இருக்க வேண்டும். வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

படிப்பகம் இப்போது இருக்கிற கோலத்தை நீ பார்த்தால் அழுவாய். மழை நாளில் மூன்று பிளாஸ்டிக் வாளி வைக்கிறோம். உன் கையெழுத்தில் இருந்த புத்தகப் பதிவேட்டில் 'க' வரிசை முழுவதையும் கரையான் தின்றுவிட்டது. 'ப' வரிசை எப்படியோ தப்பியது. ஆகவே கமிட்டி கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "இது ஏழைப் பெண்களின் காதிலிருந்து கழற்றிய பணம். இதில் திருக்குறள் படிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்னது என்னைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் கரடியின் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கவுண்டர் முன்னால் நின்றபடியே கம்மலின் திருகாணியைக் கழற்றி இரண்டையும் கண்ணாடிமேல் வைத்தாள். பையன் உரைகல்லில் உரைத்து, தராசில் போட்டு, தொகையைச் சொன்னான். அவள் பேரம் பேசவில்லை. மடியிலிருந்து இரண்டு ஈர்க்குச்சித் துண்டுகளை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். வீட்டிலிருந்தே ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், தாணு. பேங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் நகைக்கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போதெல்லாம் கண்ணில் படாதது இப்போது படுகிறது. ஓய்வு பெற்ற பிறகு கண் தெளிந்து என்ன பயன் என்று நீ கேட்பாய்.

அன்றிலிருந்து எனக்கு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பைத்தியம் பிடித்துவிட்டது. நீ இத்தனை வருஷமாக ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கிறாய். அந்தப் பெயர் யாருடையது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாயா? காப்பிக் கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பாய். அவரும் வட்டித் தொழிலில் வந்த பணத்தில் தர்மம் செய்தவர்தான். கேள், சொல்கிறேன்.

1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். குடும்பத் தொழில் லேவாதேவி. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்த கொடுக்கல் வாங்கல். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது உனக்கு நினைவிருக்கும், பேங்க் பரீட்சைக்கு நாம் சேர்ந்து படித்ததுதான். வெள்ளைக்காரன் கம்பெனி, மோசம் போகாது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டே ஜெயிலுக்குப் போனார். அந்தப் பயத்திலிருந்துதான் நம்மவர்களுக்கென்று ஒரு பேங்க் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. வக்கீல் கிருஷ்ணசாமி ஐயர் முன்னால் நின்றார், நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்களின் பணம் சேர்ந்தது. 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் பேங்க் திறந்தது. அண்ணாமலைச் செட்டியாரின் அண்ணன் ராமசாமிச் செட்டியார் முதல் இயக்குநர்களில் ஒருவர். தம்பியும் பின்னால் உள்ளே வந்தார். அப்புறம் செட்டிநாடு பேங்க் என்று தன் பங்குக்கும் ஒன்று தொடங்கினார்.

கொடை என்று பார்த்தால், 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி. பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, உ.வே. சாமிநாதையரே 1924 முதல் 1927 வரை அங்கே முதல்வராக இருந்தார். இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, மேலே 20 லட்சம் ரொக்கமும் கொடுத்து, 1929-ல் பல்கலைக்கழகமாக்கினார். அந்தக் காலத்து 20 லட்சம்! கரடியின் 25 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரி.

வாத்தியாரிடம் இதைச் சொன்னதும் அவர் பர்மாவை எடுத்துப் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. 1930 வாக்கில் நெல் விலை படுத்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவனால் வட்டி கட்ட முடியவில்லை. அடகு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம்தான் அவர்களிடம் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதம். நிலத்தை விரும்பி எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. நெல் வயலை வைத்துக்கொண்டு லேவாதேவிக்காரன் என்ன செய்வான்? அவனுக்குப் பணம்தான் வேண்டும். ஆனால் நிலம் இழந்தவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவன் கண்ணுக்குச் செட்டி நிலத்தைப் பிடுங்கினான், அவ்வளவுதான். யுத்தம் வந்து 1942-ல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

கல்லூரியும் பர்மாவும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது என்கிறேன் நான். செட்டிநாட்டு ஊர்களில் வியாபாரக் கணக்கிலேயே மகமை என்று ஒரு பற்று உண்டு, தர்மத்துக்கு. லாபத்தை எண்ணி முடித்த பிறகு மனசு வந்து கொடுப்பதில்லை. எழுதும்போதே எடுத்து வைத்துவிடுவது. கரடி கடையில் அப்படி ஒரு பற்று இல்லை என்பதுதான் எனக்குக் குறை. அவனுக்கு அறுபது வயதில் அப்பா நினைவு திடீரென்று வந்துவிட்டது.

வாத்தியாரின் கடைசி அஸ்திரம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. கவிமணி வாழ்ந்த புத்தேரிதானே வாத்தியாருக்கும் ஊர், விடுவாரா? 1943-ல் அண்ணாமலை அரசர் கவிமணிக்குப் பொன்னாடை போர்த்தினார். கூடவே பெரிய தொகை ஒன்றையும் கொடுக்க வந்தார். கவிமணி பொன்னாடையை ஏற்றார், பணத்தை வேண்டாம் என்றுவிட்டார். செட்டியார் தமிழிசைக்காக ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. தமிழிசைச் சங்கம் தொடங்கியதும் அதே வருஷம்தான். காரியத்தில் இருவருக்கும் மனசு ஒன்று. ஆனாலும் பணம் வேண்டாம். "நம் ஊர்க்காரர் காட்டிய வழி இருக்கும்போது நாம் கை நீட்டலாமா?" என்றார் வாத்தியார்.

எனக்கு மெய் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன். கவிமணி மறுத்தது தனக்கு வந்த பணத்தை. ஒரு தனி மனிதன் தன் பங்கை வேண்டாம் என்று சொல்வது அழகு. பள்ளிக்கூடம் முடிந்து வந்து வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளின் பங்கை வேண்டாம் என்று சொல்ல நீரும் நானும் யார்? வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம், உனக்குத் தெரியும்.

வாங்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெயரும் போட்டுக்கொள்ளட்டும். என் கவலை வேறு. கட்டடம் கட்டக் கொடுக்கிறவன் எப்போதும் கிடைப்பான், திறப்பு விழா உண்டே. ஆனால் வேலைக்கு இருக்கிற பெண்ணுக்குச் சம்பளம், கரண்ட் பில், பத்திரிகைச் சந்தா, இதற்கெல்லாம் எவனும் கல்வெட்டு வைப்பதில்லை. இரண்டு மாடி கட்டினால் செலவு இப்போதைக்கு மூன்று மடங்கு ஆகும். நம்மிடம் வருவது என்ன? சந்தாவும், பழைய பேப்பர் போட்ட காசும்.

அத்தனை பெரிய பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் மாட்டி, 2013-ல் மாநில அரசு அதைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டி வந்தது. கொடுத்தவர் 1948-லேயே போய்விட்டார். பிறகு நடந்ததற்கு அவர் என்ன செய்வார்? அங்கேயே அந்த நிலைமை என்றால் நம் படிப்பகம் எம்மாத்திரம்! நம் கோயில்களில் கட்டளை வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எண்ணெய்க்கு வயலும் எழுதி வைத்தார்கள்.

அதனால் நான் போட்டிருக்கும் கணக்கு இது. ஒரு மாடி போதும், 15 லட்சத்துக்குள் முடிக்கலாம். மீதி 10 லட்சத்தைப் படிப்பகம் பெயரில் டெபாசிட் போட வேண்டும். முதலைத் தொடக் கூடாது, கமிட்டியே நினைத்தாலும் எடுக்க முடியாதபடி பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். 7 சதவீதம் என்று வைத்தால் வருஷம் 70,000, மாதம் 5,800 சொச்சம். அந்தப் பெண்ணுக்கு அரை நாள் சம்பளம் தேறும். டெபாசிட்டுக்கும் கரடியின் அப்பா பெயரையே வைக்கலாம். வருஷா வருஷம் வரவு செலவை வாசலில் ஒட்டும்போது அதில் அவர் பெயர் வரும்.

வாத்தியாருக்காக இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். கரடி ஏலத்துக்கு அனுப்பும் முன்னால் தவணை தவறியவர்களுக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அபராத வட்டி இல்லாமல். இதைப் பத்திரத்தில் எழுத முடியாது. வாயால்தான் கேட்க வேண்டும். கேட்டால் கடையிலிருந்து என்னை வெளியே தள்ளுவான் என்பது வீட்டுக்காரியின் கருத்து.

இங்கேதான் நீ வேண்டும். நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். அவன் மகள் கல்யாணத்தில் நான் பந்தியில் பிரதமன் பாயசம் சரியில்லை என்று சொன்னது இன்னும் அவன் நெஞ்சில் இருக்கிறது. பிரதமன் நிஜமாகவே சரியில்லை, அது வேறு விஷயம். உன்மேல் அவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை. ஏழாம் நம்பர் பஸ்ஸில் நீ அவனுக்காகச் செய்ததை அவன் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. அதற்குள் அவனிடம் பேசிவிடு. காலையில் கூப்பிடாதே, கடையில் கூட்டம் இருக்கும், சிடுசிடுப்பான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. முதலில் டெபாசிட்டைப் பற்றிப் பேசு. அதற்கு அவன் தலையாட்டிய பிறகு ஏல விஷயத்தை எடு. இது என் யோசனை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்
வேலப்பன்