பனிக்குக் கீழே யாருடைய காணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காபரோ, மார்க்கம் வீடுகளை விற்றுவிட்டு, ரொறன்ரோவுக்கு வெளியே கிராமப்புறமான கவார்த்தா லேக்ஸ், நோர்தம்பலண்ட் பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் காணியோடு வீடு வாங்கிப் போகும் எம்மவர் இருக்கிறார்கள். கூடவே சிவாவா, பொமரேனியன், ஷிட்சு என்று ஒரு சின்னச் சாதி நாயும் போகிறது. முதல் பனிக்காலத்திலேயே அயலவரோடு முறுகல் வந்துவிடுகிறது. நாயால் வந்த சண்டை என்று இரு பக்கமும் சொல்லும். பெரும்பாலும் அது காணி எல்லையில் தொடங்கிய சண்டை. நவம்பர் வரை வேலியும் கானும் உழுத சாலும் கண்ணுக்குத் தெரியும். முழங்கால் அளவு பனி விழுந்ததும் எல்லாம் ஒரே வெள்ளை. வெறும் வெளிதானே என்று கால் வைக்கிறோம். ஊரில் வேலியை ஓரடி அரக்கியதற்காக இரண்டு தலைமுறை பேசாதிருந்த குடும்பங்களைக் கண்டவர்கள் நாம். இங்குள்ள கமக்காரரின் கோபம் நமக்கு விளங்காத ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் சட்டம். ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டப்படி, வேலியடைத்த காணிக்குள்ளும், பயிரிட்ட வயலுக்குள்ளும், பழத்தோட்டத்துக்குள்ளும், கமக்காணியோடு சேர்ந்த மரக்காட்டுக்குள்ளும் அனுமதியின்றி நுழையக்கூடாது. அங்கே அறிவிப்புப் பலகை இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மற்ற இடங்களில் மரத்திலோ கட்டையிலோ 10 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத சிவப்பு வட்டம் பூசியிருந்தால் உள்ளே போகவே கூடாது. மஞ்சள் வட்டம் என்றால் உரிமையாளர் அனுமதித்த காரியங்களுக்கு மட்டும் போகலாம். தண்டம் 10,000 டொலர் வரை போகும். சீடர்க் கட்டையில் மங்கிப்போன ஒரு சிவப்புப் பொட்டை எம்மவர் பழைய மைக்கறை என்று கடந்து போவதுதான் பல தகராறுகளின் தொடக்கம்.

‘பனிக்குள் என்ன பயிர்?’ என்று கேட்கிறார்கள். குளிர்காலக் கோதுமையை செப்ரெம்பர், ஒக்ரோபரில் விதைத்துவிடுவார்கள். பனிதான் அதற்குப் போர்வை. ஒரே தடத்தில் நாள்தோறும் மிதித்தால் பனி இறுகிப் பனிக்கட்டியாகும். அதன் கீழே நாற்று மூச்சுமுட்டிச் சாகும். வசந்தத்தில் வயலின் குறுக்கே அந்தத் தடம் வெறுங்கோடாகத் தெரியும்.

மாடு வளர்ப்பவரின் கோபத்துக்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலம் வழியாக தீவனப்புல் நிலத்தில் கலந்து, அந்தப் புல்லைத் தின்னும் பசுவுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். குட்டி நாய்தானே என்பது இங்கே எடுபடாது. பனிக்குள் புதைந்த மலம் உறைந்து கிடந்து ஏப்ரலில் அத்தனையும் ஒன்றாக வெளியே வரும். அயலவர் அப்போதுதான் எண்ணுவார். ஆகவே போன கையோடு அள்ளுங்கள். கறுப்புப் பை பனியில் விழுந்தால் இருட்டில் தேடித் திரியவேண்டும், கடும் செம்மஞ்சள் பை என்றால் தெரியும். மரக்கிளையில் பையைத் தொங்கவிட்டுத் திரும்பி வரும்போது எடுப்பேன் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாய்க்குப் பச்சை மாட்டிறைச்சியும் கொடுக்கவேண்டாம். ஒட்டுண்ணி நாய்க்குள் போகும் வழிகளில் அதுவும் ஒன்று.

அப்படியென்றால் எங்கே நடப்பது? முதல் பதில், உங்கள் சொந்தக் காணியில். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீற்றர். நாலு சுற்று ஒரு கிலோமீற்றர். ஐந்து கிலோ நாய்க்கு அது போதும். பனிச்சப்பாத்து, அதாவது ஸ்நோஷூ, போட்டுக்கொண்டு ஒரே தடத்தில் இரண்டு தரம் போய் வந்து, ஒரு முழம் அகலத்துக்கு மிதியுங்கள். உடனே நாயை விடாதீர்கள், புதையும். ஓர் இரவு விட்டால் மிதித்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். மறுநாட் காலை சின்ன நாயைத் தாங்கும். காற்றடித்துப் பனி குவிந்த நாளில் மறுபடி மிதிக்கவேண்டும். ஓர் எச்சரிக்கை: செப்ரிக் ராங்கின் கழிவுநீர் இறங்கும் பாத்திக்கு மேலாகத் தடம் போடாதீர்கள். மிதித்து இறுக்கிய பனி போர்வையாக இருக்காது. குளிர் கீழே இறங்கிக் குழாயை உறைய வைக்கும்.

இரண்டாவது, றோட்டு. ஒன்ராறியோவின் பழைய கொன்செஷன் றோட்டுகளுக்கு, அதாவது ஆரம்ப நில அளவையில் காணி வரிசைகளுக்கிடையே விட்ட றோட்டுகளுக்கு, ஒதுக்கிய பட்டை பெரும்பாலும் 66 அடி அகலம், பழைய நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம். வாகனம் ஓடும் பகுதி அதில் மூன்றில் ஒரு பங்குதான். கான் பொதுவாக அந்தப் பட்டைக்குள்ளேயே வரும். ‘கானும் என்னுடையது, இறங்காதே’ என்று அயலவர் சத்தம்போட்டால் வாக்குவாதப்பட வேண்டாம். ரவுன்ஷிப், அதாவது உள்ளூராட்சி, அலுவலகத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். ஓடும் பாதையின் நடு எப்போதும் பட்டையின் நடுவாக இராது, ஆகவே நீங்களே அடி அளந்து முடிவுகட்டவும் கூடாது. இணையத்தில் தெரியும் காணிக் கோடுகள் உத்தேசமானவை. வழக்கு என்று வந்தால் நில அளவையாளரின் அளவைதான் பேசும்.

நடைபாதை இல்லாத றோட்டில் இடது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடப்பது சட்டம். வேகப் பலகை இல்லாத கிராம றோட்டில் 80 கிலோமீற்றர் வேகத்தில் வருவார்கள். பனி தள்ளும் லொறியின் சத்தம் கேட்டதும் நாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாகனப் பாதைக்குள் ஒதுங்குங்கள்; அதன் பக்க அலகு வீசும் பனியும் கல்லும் குட்டி நாயை மூடிவிடும். ஸ்நோமொபீல் தடங்கள் நடக்க மிக வசதியாகத் தெரியும். ஆனால் அவற்றிற் பல தனியார் காணிமேல், அந்த வண்டிகளுக்கென்று மட்டும் உரிமையாளர் விட்டுக்கொடுத்தவை. நீங்கள் நடந்து அவர் கோபித்துத் தடத்தையே மூடிவிட்டால் ஊர் முழுவதும் உங்களைத்தான் பார்க்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வளைவில் வருபவருக்குத் தடத்தின் பள்ளத்தில் நிற்கும் வெள்ளை நாய் தெரியவும் மாட்டாது.

மூன்றாவது, அனுமதி. சோள அறுவடை முடிந்த கையோடு, மத்தியானத்தில் போய்க் கேளுங்கள். பால் கறக்கும் வேளையில் போகாதீர்கள். ஒரு தாளில் உங்கள் பெயர், தொலைபேசி, எத்தனை நாய், எந்த ஓரமாக நடப்பீர்கள் என்ற கீறல் படம், எந்த மாதம்வரை என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். விழுந்து காலை முறித்தால் என்மேல் வழக்குப் போடுவாயே என்பதுதான் பலரின் பயம். காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு நடக்கவிடும் கிராமக் காணிக்காரருக்கு, காணி உடைமையாளர் பொறுப்புச் சட்டத்தில் பொறுப்பு மிகக் குறைவு; வேண்டுமென்றே ஆபத்தை உண்டாக்காமலும், ஆட்களின் பாதுகாப்பைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் நடக்காமலும் இருந்தால் போதும். இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் மனம் மாறுகிறவர்கள் உண்டு. படலை திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள்.

நாயின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். மெல்லிய மயிருள்ள குட்டி நாய்க்குச் சுழியத்துக்குக் கீழே 7 பாகை வந்தாலே மேற்சட்டை கட்டாயம். சுழியத்துக்குக் கீழே 12 பாகையையும் தாண்டினால் காலைக்கடனை முடித்துவிட்டு உள்ளே வந்துவிடவேண்டும். நடுங்குவது எச்சரிக்கை. நடுங்கிய நாய் நடுக்கத்தை நிறுத்திச் சோர்ந்து நின்றால் அதுதான் ஆபத்து. கழுத்துப் பட்டியை விட்டு மார்புப் பட்டி போடுங்கள். இந்தச் சாதி நாய்களின் மூச்சுக்குழாய் மென்மையானது. ஆறடி நீளமான சாதாரண கயிறுதான் நல்லது. உள்ளே சுருளும் கயிறு ஈரத்தில் உறைந்து, அழுத்தினாலும் பிடிக்காமல் வழுக்கும். விரல்களுக்கிடையே உள்ள மயிரைப் பாதத்தோடு சமமாக வெட்டாவிட்டால், கடலைப் பருப்பளவில் பனி உருண்டைகள் கட்டி, நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிய்க்காதீர்கள், மயிரோடு தோலும் வரும். உள்ளங்கையால் பொத்திக் கரையவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டு நீரில் நாலு பாதத்தையும் கழுவினால்தான் றோட்டு உப்பு வயிற்றுக்குள் போகாது.

வாகனத்திலிருந்து ஒழுகும் பச்சைக் குளிர்தடுப்பு நீர், அதாவது அன்ரிஃப்ரீஸ், இனிப்பாக இருக்கும். ஐந்து கிலோ நாயைக் கொல்லச் சில மேசைக்கரண்டியே போதும். நக்கியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் அந்தக் கணமே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

பொறிகளைப் பற்றி எங்கும் தமிழில் எழுதிக் காணோம். ரக்கூன் பிடிக்க, வாளிக்குள்ளோ மரப்பெட்டிக்குள்ளோ இரை வைத்து, வாயில் 18 சென்ரிமீற்றர் சதுரக் கம்பிப் பொறி பொருத்துவார்கள். உரிமம் உள்ளவர் காணிக்காரரின் அனுமதியோடு வைத்தால் அது சட்டபூர்வமானது. மணம் பிடித்துத் தலையை நுழைக்கும் குட்டி நாயின் கழுத்தில் பொறி இறுகும்; காப்பாற்றச் சில நிமிடங்களே உண்டு. இரு பக்கமும் உள்ள வில்லுகளில் ஒன்றைப் பிடியுங்கள். கயிற்றின் நுனியை அந்த வில்லின் இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, சுற்றி மறுபடியும் விடுங்கள். கயிற்றின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை மேலே இழுத்தால் வில்லின் வளையங்கள் ஒன்றாகும். அவை மறுபடி விரியாதபடி வில்லிலுள்ள கொக்கியை மாட்டுங்கள். பிறகு மறு வில்லு. இரண்டும் மாட்டியபின் தாடை தளரும். கயிறு உங்கள் கையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓநாயைப் போன்ற காட்டு விலங்குகளான கயொட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலத்தில் துணிந்து கிட்ட வரும். கண்டால் நாயைத் தூக்குங்கள், உரத்துச் சத்தமிடுங்கள், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். அவற்றை வேட்டையாடுவோரும் பனிக்காலம் முழுவதும் திரிவார்கள். ஆகவே உங்களுக்கும் நாய்க்கும் கடும் செம்மஞ்சள் சட்டை வேண்டும்.

தவறு அயலவருடையதாக இருக்கும் நேரமும் உண்டு. அவரது நாய் அவிழ்ந்து வந்து கடித்தால், நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டப்படி, உங்களுக்குப் பட்டாலும் உங்கள் நாய்க்குப் பட்டாலும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. திகதி, நேரம், படம், வைத்தியர் பற்றுச்சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ரவுன்ஷிப் மிருகக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போங்கள். மனிதரைக் கடித்திருந்தால் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் அறிவிக்கவேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பார்கள். அவர் தன் பாதைப் பனியை றோட்டில் தள்ளி உங்கள் நடைவழியை மறிப்பதும் சட்டப்படி குற்றம். நஞ்சு வைத்தால் அது குற்றவியல் சட்டத்தின் 445ஆம் பிரிவு, உடனே பொலிஸ். எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும்: உங்கள் நாய் ஆட்டையோ கோழியையோ கடித்துக்கொண்டிருக்கையில் அந்த நாயைக் கொல்ல இந்த மாகாணத்தின் சட்டம் இடங்கொடுக்கிறது. குரைத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள் ஓடியதே, விளையாட்டுக்குத்தானே என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையில் காணியோடு கூடிய வீடுகளுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. அரைப் பக்கம் ஒதுக்கி, சிவப்பு வட்டம், மஞ்சள் வட்டம், 66 அடிப் பட்டை மூன்றையும் படம் போட்டு அச்சிடுங்கள். அதை ஒக்ரோபர் இதழிலேயே செய்யுங்கள். தாழ்ந்த கட்டைகளில் பூசிய வட்டங்கள் டிசம்பரில் பனிக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
கிராமப்புற ஒன்ராறியோவில் நாய் வளர்க்கும் வாசகர்கள் சிலர்