சீசன் டிக்கெட்டில் எம்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இணைப்பிதழில் வந்த ஜெர்மனி கட்டுரையைப் படித்தேன். மலைமேல் வெள்ளைக் கோட்டை, குயில் கூவும் கடிகாரம், பனி மூடிய காடு என்று படங்களெல்லாம் பிரமாதம். ஆனால் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு என்று ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதில்தான் எனக்குத் தகராறு. மூன்று மாதமும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டிவரும், அதனால் போன கையோடு ஐந்து நாள் பேக்கேஜ் டூருக்குப் பணம் கட்டிவிடுங்கள் என்று ஒரு யோசனை. கூடவே, பெர்லினையும் முனிச்சையும் விட்டால் நம்மூர்க்காரர் காதில் விழுந்த ஜெர்மன் ஊர் வேறு எதுவும் இல்லை என்று ஒரு வரி. ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் 31 வருடம் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? எம்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது சார். நாம்தான் அதைக் கெடுபிடியான ஆட்களைச் சொல்லும் வசவாக வைத்துக்கொண்டோம்.

மகளும் மாப்பிள்ளையும் மூன்ஸ்டரில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் வடமேற்கில் நடுத்தரமான ஊர், ஆட்களைவிட சைக்கிள் அதிகம் என்பார்கள், தெரியாமல் சைக்கிள் பாதையில் கால் வைத்தால் பின்னாலிருந்து மணி அடித்தே நம்மை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். 180 நாளில் 90 நாள் என்பதுதான் சுற்றுலா விசா கணக்கு. அந்தக் கணக்கில் நானும் மனைவியும் இரண்டு தடவை போய் வந்தோம். முதல் தடவை 2023 மே முதல் ஜூலை வரை. இரண்டாவது தடவை 2024 நவம்பரில் போய் ஜனவரி கடைசியில் திரும்பினோம்.

இரண்டும் ஒரே ஊர்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வித்தியாசம். ஜூனில் ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்குப் பால்கனியில் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், பேத்தி தூங்க மாட்டாள், ‘தாத்தா, இன்னும் சாயங்காலம்தானே’ என்பாள், என்ன பதில் சொல்வது? டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள், அதனால் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. இந்தக் கணக்கு புரியாமல் என் அண்ணன் விடிகாலை நாலு மணிக்கு வீடியோ கால் போட்டுவிட்டு, ‘என்னடா இன்னும் தூக்கம்’ என்றார்.

குளிர்காலத்தில் போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் முழுசாகக் கேட்காதீர்கள். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள், அன்று இருட்டியதும் குழந்தைகள் காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்கள். கார்த்திகைக்கு இங்கே அகல் ஏற்றுவதை நினைத்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கிறிஸ்துமஸ் சந்தைகள். அங்கே சூடான ஒயின் தரும் கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குகிறார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். கோடையில் வேறு கூத்து. ஏப்ரலிலிருந்து ஜூன் 24 வரை ஷ்பார்கல் என்று வெள்ளைத் தண்டு ஒன்றுக்காக ஊரே அலைகிறது, சாலையோரக் கடை, ஓட்டல், மார்க்கெட், எங்கே திரும்பினாலும் அதுதான். மகள் தோல் சீவி வேகவைத்துக் கொடுத்தாள். முருங்கைக்காயில் இருக்கும் ருசியில் கால்வாசி கூட இல்லை. இதை அங்கே சொல்லிவிடாதீர்கள்.

சரி, பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். 2023 மே மாதம், நாங்கள் போய் இறங்கிய சமயம், அங்கே டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று தொடங்கியது. மாதம் 49 யூரோ. நாடு முழுக்க எந்த ஊர் பஸ், டிராம், சுரங்க ரயில், பாசஞ்சர் ரயில் என்று எதில் வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலிலும் மற்ற தொலைதூர ரயிலிலும் மட்டும் செல்லாது. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆனது. கூடிக்கொண்டே போகிறது என்று அங்கேயும் முணுமுணுப்புதான். ஆனாலும் பீச் ஸ்டேஷன் ரயிலுக்கு ஒரு சீசன், பஸ்ஸுக்கு ஒரு பாஸ், மெட்ரோவுக்கு ஒரு கார்டு என்று பர்ஸில் அடுக்கி வைத்திருந்த எனக்கு ஒரே டிக்கெட்டில் ஒரு தேசம் என்பது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை. இது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா, வேண்டாம் என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். நான் 12ஆம் தேதி ஞாபகம் வந்து உட்கார்ந்தேன், நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதக் காசு போனது. என் தப்புதான். டிக்கெட்டில் நம் பேர் இருக்கும், மாற்றிக்கொள்ள முடியாது, பரிசோதகர் கேட்டால் காட்ட பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும்.

அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் தூரத்தில் இருந்ததையெல்லாம் பார்த்தோம். கொலோன் போனோம், 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்த தேவாலயம், கோபுரத்தில் 533 படி, லிஃப்ட் கிடையாது. திருக்கழுக்குன்றம் ஏறிய கால்தானே என்று வீறாப்பாகப் போனேன், வளைந்து வளைந்து போகும் குறுகல் படியில் இறங்குபவர்களுக்கும் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், மூட்டு வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஹாம் என்ற ஊர் ரயிலில் அரை மணி நேரம்தான். அங்கே 2002இல் இலங்கைத் தமிழர்கள் கட்டி எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 17 மீட்டர் ராஜகோபுரம். எண்பதுகளில் போரிலிருந்து தப்பி அகதியாக வந்த சனங்கள். கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், பக்கத்திலேயே ஒரு பழைய அனல்மின் நிலையம். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்ததும் என் மனைவி, ‘என்னங்க, எண்ணூர் மாதிரியே இருக்கு’ என்றார். கோடையில் தேர்த்திருவிழா, தீர்த்தத்துக்கு ஆறு குளம் தேடவில்லை, பக்கத்தில் சரக்குப் படகு போகும் கால்வாய்தான். எங்களை எந்த ஊர் என்று விசாரித்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, மெட்ராஸ் என்று சொன்னதும் கையில் இருந்த சுண்டல் பொட்டலத்தை அப்படியே கொடுத்துவிட்டார்.

இனி எம்டன். இரண்டாவது தடவை போனபோது நாங்கள் இரண்டு பேர் மட்டுமே போன ஊர் அது. மகளுக்கு அலுவலகம், அதோடு, ‘அங்க என்னப்பா இருக்கு, டிசம்பர்ல காத்துதான் அடிக்கும்’ என்று கேலி வேறு. அவளுக்கு என்ன தெரியும். என் தாத்தா காசிமேட்டில் சின்னப் பையனாக இருந்தபோது, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மீன் வலையின் கண்ணியை எண்ணலாம் போலிருந்தது என்று தாத்தா சொல்வார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது, கப்பல் இருட்டில் நழுவிவிட்டது, அடுத்த நாளிலிருந்து சனங்கள் மூட்டை கட்டி ஊரைவிட்டே ஓடினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றைக்கும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, வழக்குக்கு வருபவர்கள் அதன் கீழே வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தக் கப்பல் அதே வருடம் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் பேர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. என் கணக்கு வாத்தியார் எம்டன். எங்கள் ஷெட் சூபர்வைசர் எம்டன். வீட்டில் யார் என்று நான் எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை அவர்தான் முதலில் படிப்பார்.

மூன்ஸ்டரிலிருந்து நேர் ரயில், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழி முழுக்கத் தட்டையான பூமி, மாடு, காற்றாலை, ஈரம். பாப்பன்பர்க் என்று ஒரு ஸ்டேஷன் வரும், அந்த ஊரில் 1795இல் தொடங்கிய ஒரு கப்பல் கட்டும் தளம் இருக்கிறது, கடலிலிருந்து அவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு பெரிய பெரிய பயணிகள் கப்பலாகக் கட்டி, எம்ஸ் ஆற்று வழியாகக் கடலுக்கு ஓட்டிப் போகிறார்கள். ஹார்பர்காரனுக்கு இதைவிட என்ன வேடிக்கை வேண்டும்!

எம்டனில் இறங்கினால் சுற்றுலா ஊர் என்ற பந்தா எதுவும் கிடையாது. 1944 செப்டம்பர் 6 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டதால் பழைய கட்டடங்கள் குறைவு, பார்க்கிறதெல்லாம் அதற்குப் பிறகு எழுந்த செங்கல் வீடுகள்தான். எங்கள் ஊரில் குண்டு போட்ட கப்பலுக்குப் பேர் கொடுத்த ஊர் அப்புறம் தானும் குண்டில் எரிந்தது என்று தெரிந்தபோது, சந்தோஷப்படவெல்லாம் தோன்றவில்லை. நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரிலேயே துறைமுகக் குட்டை ஊருக்குள் வந்து நிற்கிறது, அதில் கலங்கரை விளக்கம் போலக் கடலில் நின்று வழிகாட்டிய பழைய கப்பல் ஒன்றையும் மீட்புக் கப்பல் ஒன்றையும் காட்சிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1964 முதல் ஓடும் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை, அந்தக் கார்கள் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறுகின்றன. எத்தனை கார் எந்தக் கப்பலுக்கு என்று எண்ணிக் குறிக்கும் நம்ம சாதிக்காரன் ஒருத்தன் இங்கேயும் இருப்பானே என்று தேடினேன். டாலி கிளார்க் சாதியைச் சொல்கிறேன்.

காற்று தாங்காமல் ஒரு டீக்கடைக்குள் நுழைந்தோம். கிழக்கு ஃப்ரீசியா என்று அந்தப் பகுதிக்குப் பேர், ஜெர்மனியே காபி குடிக்கும்போது இவர்கள் மட்டும் டீக்குப் பிறந்தவர்கள். சின்னப் பீங்கான் கோப்பையில் முதலில் பெரிய கற்கண்டு ஒன்றைப் போடுகிறார்கள், மேலே கொதிக்கும் டீயை ஊற்றும்போது அது படீரென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். ஓரத்தில் ஒரு ஸ்பூன் பாலாடை விடுவார்கள், அது மேகம் மாதிரி எழும்பும். கலக்கக் கூடாது. முதலில் ஆடை, அப்புறம் கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிப்பது முறை, போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும், வைக்காவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கலவையில் பெரும்பகுதி அசாம் தேயிலை. எங்கள் ராயபுரம் கல்மண்டபத்தில் கண்ணாடி கிளாஸில் ஆற்றி ஆற்றிக் குடித்து வளர்ந்தவனுக்குக் கலக்காத டீ முதலில் கோபத்தைத்தான் கிளப்பியது. மூன்றாவது கோப்பையில் சமாதானம் ஆகிவிட்டேன்.

கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். செல்போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு, எங்கள் ஊரில் உங்கள் ஊர்ப் பேரை மனிதர்களுக்கு வைக்கிறோம் என்று சொன்னேன். அந்தக் கப்பலைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது, உயிர் பிழைத்த மாலுமிகள் எம்டன் என்பதைத் தங்கள் குடும்பப் பேரோடு சேர்த்துக்கொள்ள அரசாங்கம் அனுமதித்த கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். பிறகு போனை வாங்கி, ‘அது பாராட்டா, திட்டா?’ என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி, ‘ஆளைப் பொறுத்து’ என்றார்.

திரும்பும்போது மணி நாலேகால், இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அன்றைய செலவு டீயும் கேக்கும்தான், ரயிலுக்கு அந்த மாத டிக்கெட் இருக்கிறதே. இதைத்தான் உங்கள் பெட்டிச் செய்தியில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதற்குத் திருத்தமே போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் கடைத்தெருவைச் சுற்றலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு அங்கே கடைகள் மூடியிருக்கும். காலையில் ரொட்டிக்கடை சில மணி நேரம், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், அவ்வளவுதான். துளைபோடும் மெஷின் ஓட்டக் கூடாது. கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது, சத்தம் வரும் என்று. முதல் ஞாயிறே நான் ஊறுகாய் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் போட, மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துத் திட்டியது ஜெர்மன் தெரியாமலே புரிந்தது. வீட்டுக்கு வந்தால் பால் இல்லை, டீ இல்லை, திங்கள் காலை வரை கடையும் இல்லை. உங்கள் கட்டுரையை நம்பிப் போகிறவர்களுக்காக, சனிக்கிழமை ராத்திரிக்குள் பால் வாங்கி வைக்கவும் என்று அடுத்த வாரம் ஒரு வரியாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
ராயபுரம், சென்னை.